பத்துப் பவுண்டுக்கு வாங்கிய வீடு: சசெக்ஸ் பயணக் குறிப்புகள்

ஞாயிறு, ஆல்ஃப்ரிஸ்டன்

லண்டனிலிருந்து தெற்கே வரும் ரயிலில் லூயிஸ் நகரத்தில் வண்டி மாறி, பெர்விக் என்னும் சிறிய நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து ஆல்ஃப்ரிஸ்டன் கிராமம் ஏறத்தாழ மூன்று மைல். கக்மியர் ஆறு வளைந்து வளைந்து கடலை நோக்கிச் செல்லும் பள்ளத்தாக்கில், சவுத் டவுன்ஸ் குன்றுகளின் மடியில் ஊர் இருக்கிறது. ஒரே ஒரு நெடுந்தெரு, அதன் இருபுறமும் மரச்சட்டமிட்ட பழைய விடுதிகள், தெருவுக்குப் பின்னால் டை என்று அழைக்கப்படும் பொதுப் புல்வெளி, அதன் நடுவில் 14-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட புனித அந்திரேயா ஆலயம். ஆலயத்துக்குப் பக்கத்தில், அதன் உயரத்துக்கு முன்னால் அடங்கி நிற்கும் கிளர்ஜி ஹவுஸ் (மதகுரு இல்லம்) என்னும் கூரை வீட்டைப் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

இங்கிலாந்துக்கு வருகிறவர்கள் கோட்டைகளையும் பிரபுக்களின் மாளிகைகளையும் பார்க்கிறார்கள். அவற்றைப் பற்றி எழுதப்பட்டவையும் ஏராளம். சாதாரணக் குடியானவன் குடியிருந்த வீடு எப்படிக் கட்டப்பட்டது, அதற்குள் நெருப்பு எங்கே எரிந்தது, புகை எந்த வழியாக வெளியேறியது, கூரையை யார் எதைக் கொண்டு வேய்ந்தார்கள் என்பதை அறிந்துகொள்வதே இந்தப் பயணத்தில் என் நோக்கம். இப்படிப்பட்ட வீடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் ஓர் இயக்கமாக உருப்பெற்ற இடங்களில் முதன்மையானது இந்த ஊர் என்பதால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

மாலையில் ஊரைச் சுற்றி நடந்தபோது இந்த நிலத்தில் என்னென்ன கிடைக்கின்றன என்பதைக் கவனித்தேன். குன்றுகள் முழுவதும் வெண்சுண்ணக்கல்; அதை வெட்டினால் கையோடு பொடிந்துவிடும். அதன் நடுவே அடுக்கடுக்காகக் கிடைக்கும் சக்கிமுக்கிக் கல் மிகக் கடினமானது, ஆனால் சதுரமாகச் செதுக்க வராது. ஆலயத்தின் சுவர்கள் அந்தக் கல்லால் ஆனவை. அவ்வளவு வேலைப்பாட்டுக்குக் கூலி கொடுக்கத் திருச்சபையால் முடிந்தது. வடக்கே வீல்ட் எனப்படும் காட்டுப் பகுதியில் ஓக் மரம் மிகுதி. ஆகவே வீடு கட்டியவர்கள் மரத்தை எலும்பாகவும், மண்ணைச் சதையாகவும், வயலில் விளைந்த தாளைக் கூரையாகவும் கொண்டார்கள். அருகிலேயே கிடைத்ததைக் கொண்டு கட்டியது அவர்களுக்கு இயல்பான வழி; அதற்குப் பின்னால் வேறு தத்துவம் எதுவும் இல்லை.

திங்கள், ஆல்ஃப்ரிஸ்டன்

கிளர்ஜி ஹவுஸ் என்று பெயர் பெற்றிருந்தாலும், இது முதலில் மதகுருவுக்காகக் கட்டப்பட்டதாகத் தெரியவில்லை. சொந்த உழைப்பால் சற்று வசதி பெற்ற ஒரு விவசாயிக்காகவே 14-ஆம் நூற்றாண்டில் இது எழுந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. பின்னரே திருச்சபையின் உடைமையானது. 1348-49-இல் பரவிய பெருங்கொள்ளைநோய் நாட்டின் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன பிறகு, பிழைத்தவர்களுக்கு நிலமும் கூடுதலாகக் கிடைத்தது, கூலியும் உயர்ந்தது. அந்தத் தலைமுறையிலும் அதற்கு அடுத்த தலைமுறைகளிலும்தான் இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் இத்தகைய உறுதியான வீடுகளைக் கட்டும் வசதி உழவர்களுக்கு வாய்த்தது. இவ்வளவு சாவுக்குப் பின் வந்த செழிப்பின் சான்று இது என்பதை நினைக்காமல் இந்த வீட்டுக்குள் நுழைய என்னால் முடியவில்லை.

கட்டடக்கலையில் இதற்கு வீல்டன் மண்டப வீடு என்று பெயர். நடுவில் தரையிலிருந்து கூரை வரை தடையின்றித் திறந்த ஒரு பெரிய கூடம். அதன் இரு முனைகளிலும் இரண்டு மாடி கொண்ட அறைகள். முனைகளின் மேல்மாடி கீழ்மாடியைவிடச் சிறிது முன்னால் நீண்டிருக்கும், ஆனால் கூடத்தின் சுவர் நீளாமல் உள்ளடங்கி நிற்கும். மூன்றையும் ஒரே கூரை மூடுவதால், கூடத்துக்கு முன்னால் இறவாரம் அந்தரத்தில் நிற்க, அதை வளைந்த தாங்குகட்டைகள் இருபுறமிருந்தும் ஏந்துகின்றன. வெளியே நின்று பார்க்கும்போது இந்த வளைவுகளே முதலில் கண்ணில் படும். பின்வந்த நூற்றாண்டுகளில் இந்த வீட்டின் சில பகுதிகள் மாற்றப்பட்டிருக்கின்றன என்றாலும், இந்த அடிப்படை அமைப்பைப் படிப்பது கடினமன்று.

கூடத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். சுவருக்குச் சுவர் பாயும் கனத்த ஓக் உத்திரம், அதன் நடுவில் நிற்கும் குத்துக்கால், அதிலிருந்து பிரிந்து வளைந்து செல்லும் தாங்குகட்டைகள், அவற்றின் மேல் கைமரங்களின் வரிசை. கட்டப்பட்ட காலத்தில் இந்தக் கூடத்துக்குப் புகைபோக்கி கிடையாது. தரையின் நடுவில் அடுப்பு எரியும். புகை மேலே எழுந்து கூரையின் இடுக்குகள் வழியாகவும் சாளரங்கள் வழியாகவும் மெல்ல வெளியேறும். சாளரங்களில் கண்ணாடியும் கிடையாது. நிமிர்ந்த மரச் சட்டங்கள் மட்டுமே, குளிருக்கு மரக்கதவு. கூடம் இவ்வளவு உயரமாக இருப்பது பெருமைக்காக என்று பார்ப்பவர்கள் நினைக்கக்கூடும். அதில் ஓரளவு உண்மை உண்டு, ஆனால் புகை தலைக்கு மேலே நிற்பதற்கு அந்த உயரம் தேவைப்பட்டது. கூடத்தின் மேல் மாடி போட முடியாமல் போனதற்கும் அந்தப் புகையே காரணம்.

தரையைக் குனிந்து தொட்டுப் பார்த்தேன். வெண்சுண்ணக்கல்லை நொறுக்கிப் பரப்பி, இடித்து இறுக்கி, அதன் மேல் புளித்த பாலை ஊற்றி ஊறவிட்டு மெழுகிய தரை இது. பாலில் உள்ள புரதம் சுண்ணத்தோடு சேர்ந்து இறுகி, பொடி எழாமல் பிடித்துக்கொள்கிறது. சாணம் மெழுகிய திண்ணையில் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு இந்த அறிவு அந்நியமாகத் தோன்றாது. சசெக்ஸில் பழைய காலத்தில் பரவலாக இருந்த இந்த முறையை இங்கே மீட்டெடுத்திருக்கிறார்கள். கல்லின் குளிர்ச்சியும் மண்ணின் மென்மையும் சேர்ந்த ஒரு தொடுஉணர்வு அதில் இருக்கிறது.

சுவர்களும் அப்படித்தான். ஓக் சட்டங்களுக்கு இடையில் மேலே துளையும் கீழே காடியும் வெட்டி, பிளந்த ஓக் குச்சிகளை நிறுத்தி, அவற்றின் குறுக்கே ஹேசல் என்னும் புதர்மரத்தின் விளார்களைப் பின்னி வரிச்சு கட்டுவார்கள். களிமண், சாணம், நறுக்கிய வைக்கோல் மூன்றையும் மிதித்துக் குழைத்து இருபுறமிருந்தும் ஒரே நேரத்தில் அப்புவார்கள். அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு. சட்டம் அசைந்தால் சுவரும் சேர்ந்து அசைகிறது, ஈரம் உள்ளே வந்தால் வெளியே போகவும் வழி இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டில் நல்ல எண்ணத்தோடு இத்தகைய வீடுகளுக்குச் சிமெண்ட் பூசியவர்கள், ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தி மரத்தை அழுகச் செய்தார்கள் என்பது பழுதுபார்ப்போர் அனைவரும் அறிந்த செய்தி.

கூடத்தின் ஒரு மூலையில், சுவரின் மேல் விளிம்பில் ஓடும் மரப்பட்டியில் ஓர் ஓக் இலை செதுக்கப்பட்டிருக்கிறது. பழைய கட்டடங்களையும் இயற்கை நிலங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் இன்றைய சின்னமான ஓக் இலைக்கு இதுவே தூண்டுதல் என்று சொல்லப்படுவதுண்டு. அது உறுதியான செய்தியோ இல்லையோ, தன் வீட்டு உத்திரமாகப் போகும் மரத்தின் இலையை அந்த மரத்திலேயே செதுக்க வேண்டும் என்று ஒரு தச்சனுக்குத் தோன்றியிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இனி இந்த வீடு பிழைத்த வரலாறு. 19-ஆம் நூற்றாண்டில் இது கூலித் தொழிலாளர்கள் வாழும் குடில்களாகப் பிரிக்கப்பட்டுச் சிதைந்துகொண்டிருந்தது. 1885-இல் இடித்துவிட அனுமதியும் கிடைத்துவிட்டது. ஆனால் அப்போது அங்கே வாழ்ந்த மூதாட்டி தன் கடைசிக் காலத்தை அங்கேயே கழிக்க விரும்பியதால் இடிப்பது தள்ளிப்போனதாக வரலாறு கூறுகிறது. அதன் பிறகு ஊருக்கு மதகுருவாக வந்த எஃப். டபிள்யூ. பெய்னன் இந்த வீட்டின் மதிப்பை உணர்ந்து, வில்லியம் மாரிஸ் 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நாடினார். ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகிய மூவரும் 1895-இல் நேஷனல் டிரஸ்டை நிறுவியிருந்தார்கள். அடுத்த ஆண்டே, 1896-இல், அந்த அமைப்பு இந்த வீட்டைப் பத்துப் பவுண்டு விலைக்கு வாங்கியது. வேல்ஸில் ஒரு கடலோரக் குன்று அதற்கு முன்பே நன்கொடையாகக் கிடைத்திருந்தது. ஆனால் அந்த அமைப்பு ஏற்றுக்கொண்ட முதல் கட்டடம் இதுதான். பத்துப் பவுண்டு என்பது பெயருக்கு ஒரு விலை. பழுதுபார்க்க அதைப்போலப் பல மடங்கு தேவைப்பட்டது, அதற்காக ஆக்டேவியா ஹில் பொதுமக்களிடம் நிதி கேட்க வேண்டியிருந்தது.

லண்டனின் ஏழைக் குடியிருப்புகளைச் சீர்திருத்துவதற்காகத் தன் வாழ்நாளைக் கொடுத்தவர் ஆக்டேவியா ஹில். ஓட்டை உடைசலான வீட்டில் வாழ்வது என்றால் என்ன என்பதை அவர் நன்கு அறிந்தவர். அப்படிப்பட்டவர் இந்த வீட்டை அழகுப் பொருளாக மட்டும் பார்த்திருக்க முடியாது. கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பவல் பழுதுபார்ப்பை மேற்கொண்டபோது பின்பற்றப்பட்ட கொள்கையும் குறிப்பிடத்தக்கது: புதிதாகப் பழைமையை உருவாக்காமல், இருப்பதைத் தாங்கி நிறுத்துவது. அந்தக் காலத்தில் ஆலயங்களைக்கூட உரித்து, தங்கள் கற்பனையில் இருந்த இடைக்காலத் தோற்றத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த எளிய வீடு அந்த விபத்திலிருந்து தப்பியது பெரும் பேறு.

செவ்வாய், ஆம்பர்லி

சசெக்ஸின் மேற்குப் பகுதிக்கு ரயிலில் வந்து சேர்ந்தேன். அருன் ஆற்றங்கரையில் உள்ள ஆம்பர்லி கிராமத்தில் கூரை வீடுகள் நிறைய உண்டு. இன்று நல்வாய்ப்பாக, ஊருக்குச் சற்று வெளியே ஒரு வீட்டின் மேல் சாரம் கட்டிக் கூரை வேய்ந்துகொண்டிருந்தார்கள். வேய்பவர் ஐம்பது வயதை நெருங்கியவர். நான் கீழே நின்று பார்ப்பதைக் கண்டு, தேநீர் இடைவேளையில் இறங்கி வந்து பொறுமையாக விளக்கினார்.

இங்கே மூன்று வகைக் கூரைகள் உண்டு. சதுப்பு நிலத்து நாணலால் வேய்வது ஒன்று. அடித்த கோதுமை வைக்கோலை நீரில் நனைத்து, கையால் இழுத்து நேராக்கி வேய்வது இன்னொன்று. கதிரை மட்டும் நீக்கி, தாள் நசுங்காமல் சீவி, அடிப்பக்கங்களை ஒரே திசையில் வைத்து வேய்வது மூன்றாவது. நாணல் ஐம்பது ஆண்டுகள்கூட நிற்கும். சீவிய தாள் முப்பது ஆண்டுகள் வரும். நனைத்து இழுத்த வைக்கோல் இருபது ஆண்டு என்றால் நல்ல ஆயுள். எந்த வகையானாலும் முகட்டை மட்டும் பத்து அல்லது பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஏனென்றால் வெயிலும் காற்றும் நேராகத் தாக்குவது அதைத்தான். அவர் அன்று வேய்ந்துகொண்டிருந்தது சீவிய கோதுமைத் தாள்.

அவர் கையில் ஒரு ஹேசல் விளாரை எடுத்தார். முழங்கையிலிருந்து விரல் நுனி வரையிலான நீளத்துக்குச் சற்றுக் கூடுதல், இருமுனையும் கூராகச் சீவப்பட்டது. அதன் நடுப்பகுதியை இரு கைகளாலும் பற்றி முறுக்கினார். நார்கள் பிரிந்து கயிற்றின் புரிபோலத் திரிந்தன, ஆனால் ஒடியவில்லை. பிறகு அதை மடித்தார். கொண்டை ஊசியின் வடிவம் வந்துவிட்டது. கற்றைகளின் மேல் கிடத்திய நீண்ட கழியை இந்த ஊசியால் கவ்வி, அடியில் உள்ள பழைய கூரைக்குள் உள்ளங்கையால் அடித்து இறக்குவார்கள். முறுக்காமல் மடித்தால் முறிந்துவிடும். அந்த ஒரு திருப்பத்தைக் கற்றுக்கொள்ளவே தனக்கு ஒரு பருவம் பிடித்தது என்று அவர் சொன்னார். அடுத்த கற்றை இந்தக் கழியை மறைத்துக்கொள்ளும். இப்படி இறவாரத்திலிருந்து முகடு வரை வரிசை வரிசையாக ஏறிச் செல்ல, ஒரு கட்டும் வெளியே தெரியாது. தாள்களின் அடிப்பக்கத்தை வரிவெட்டு கொண்ட ஒரு தட்டுப்பலகையால் மேல்நோக்கித் தட்டித் தட்டிச் சமன் செய்கிறார்கள்.

கூரையின் சரிவு ஐம்பது பாகை அளவுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அப்போதுதான் மழைநீர் தாளிலிருந்து தாளுக்குத் தாவி இறங்கும். ஓர் அடிக்குக் குறையாத கனமுள்ள கூரையில் மேலே ஓர் அங்குலம் அளவுக்கே நனையும். கூரையின் ஓரத்தில் தகர வாய்க்கால் எதுவும் கிடையாது. இறவாரம் சுவரை விட்டு நன்றாக வெளியே தள்ளி நிற்பதால், நீர் மண்சுவரில் படாமல் தூரத்தில் விழுகிறது. சுவர் மண்ணாக இருப்பதும், கூரை இவ்வளவு நீண்டிருப்பதும் ஒன்றையொன்று சார்ந்தவை.

வைக்கோல் கூரையில் இன்னொரு வியப்பு உண்டு. புதுப்பிக்கும்போது முழுவதையும் பிரிப்பதில்லை. உளுத்துப்போன மேற்பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, அடியில் உறுதியாக இருப்பதன் மேலேயே புதியதை வேய்கிறார்கள். இதனால் டெவன் மாவட்டத்தில் சில வீடுகளில் மிக அடியில் இருக்கும் அடுக்கு, திறந்த கூடத்தில் அடுப்பு எரிந்த இடைக்காலத்தைச் சேர்ந்ததாக, புகைக்கரி படிந்து கறுத்து, இன்றும் கைமரங்களின் மேல் இருக்கிறது. தொல்தாவரவியலாளர்கள் அந்தத் தாள்களையும் அவற்றோடு சிக்கிய கதிர்களையும் களைகளையும் ஆராய்ந்து, அறுநூறு ஆண்டுகளுக்கு முன் அந்த வயல்களில் விளைந்த கோதுமையும் ரை என்னும் தானியமும் எப்படி இருந்தன என்று கண்டறிந்திருக்கிறார்கள். நூல்களில் யாரும் எழுதி வைக்காத விவசாய வரலாறு கூரைக்குள் சேமிக்கப்பட்டிருந்தது. மேலே பூச்சி அரித்ததை நீக்குவதாக நினைத்து, அடிவரை பிரித்து எரித்துவிட்ட கூரைகளை எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது.

இன்றைய கோதுமை இந்த வேலைக்கு உதவாது. தானியம் பெருகுவதற்காகத் தண்டு குட்டையாக்கப்பட்ட ரகங்கள், தழைச்சத்து உரத்தால் உள்ளே வலுவிழந்த தாள், அறுக்கும்போதே நசுக்கித் தள்ளும் இயந்திரம் என மூன்றும் சேர்ந்து கூரைக்குரிய வைக்கோலை இல்லாமல் ஆக்கிவிட்டன. ஆகவே சில உழவர்கள் மாரிஸ் விட்ஜன் போன்ற நெடுந்தண்டு ரகங்களை இதற்காகவே பயிரிட்டு, முழுமையாக முற்றுவதற்குச் சற்று முன்பே பழைய கட்டு கட்டும் இயந்திரத்தால் அறுத்து, கதிர்க்கட்டுகளை வயலிலேயே நிறுத்திக் காயவிடுகிறார்கள். ஒரு வீட்டைக் காப்பாற்ற ஒரு வயலையும், அதை அறுக்கும் முறையையும், முறுக்கத் தெரிந்த ஒரு கையையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அவற்றில் ஒன்று நின்றுபோனாலும் பாதுகாப்புச் சட்டம் வெறும் காகிதம்தான்.

நெருப்பைப் பற்றிய அச்சம் பழையது. லண்டனில் 1212-இல் நேர்ந்த பெருந்தீக்குப் பிறகு வைக்கோல், நாணல் கூரைகளைப் புதிதாக வேய்வதற்குத் தடை வந்தது. ஷேக்ஸ்பியர் காலத்து நாடக அரங்கை மறுபடி கட்டி 1997-இல் திறக்கப்பட்ட குளோப் அரங்கத்துக்குத்தான், 1666 தீ விபத்துக்குப் பின் அந்நகரில் முதன்முறையாகக் கூரை வேய அனுமதி கிடைத்தது. கிராமங்களில் இத்தகைய கூரை மறைந்ததற்கு ரயில்தான் முக்கியக் காரணம்: 19-ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் பலகைக்கல் மலிவாக எங்கும் வந்து சேர்ந்தது. அதை வாங்க முடியாத ஏழை ஊர்களில்தான் கூரை நீடித்தது. இன்று செல்வந்தர்கள் விரும்பி வாங்கும் வீடுகளின் கதை இது.

புதன், சிங்கிள்டன்

சிசெஸ்டர் நகரத்திலிருந்து பேருந்தில் வந்தால் சிங்கிள்டனில் வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. இடிக்கப்படவிருந்த கிராம வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து, ஒரு பள்ளத்தாக்கில் மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். ராய் ஆம்ஸ்ட்ராங் என்பவரின் முயற்சியால் உருவான இது 1970-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

ஆல்ஃப்ரிஸ்டனில் பார்த்த அதே வகை வீடு இங்கே பேலீஃப் என்ற பெயரில் நிற்கிறது. ஆனால் கூரை ஓடு வேய்ந்தது. கென்ட்டில் நீர்த்தேக்கம் ஒன்றுக்காகக் கையகப்படுத்திய நிலத்தில் இருந்த இந்த வீட்டை 1960-களின் இறுதியில் கழற்றினார்கள். கழற்ற முடிந்தது என்பதே இந்தக் கட்டுமானத்தின் சிறப்பு. ஓக் மரம் உலர்ந்தால் இரும்புபோல இறுகிவிடும் என்பதால், வெட்டிய ஈரம் காயுமுன்பே தச்சர்கள் கழுந்தும் துளையும் செதுக்கி, பட்டறைத் தரையில் ஒருமுறை பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு இணைப்பிலும் ரோமன் எண்களைப்போலக் கோடுகளைக் கீறி, மறுபடி பிரித்து, வண்டியில் ஏற்றிச் சென்று மனையில் நிறுத்தினார்கள். இணைப்புகளைப் பிடிப்பது மர முளைகள் மட்டுமே. மரம் காயக் காயச் சுருங்கி, முளையை இன்னும் இறுக்குகிறது. அந்தச் சுருக்கத்தால்தான் பழைய வீடுகளின் கோடுகள் அனைத்தும் வளைந்திருக்கின்றன. ஒரு தாங்குகட்டையின் மேல் அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தேன். உளியின் முனை ஒரே இழுப்பில் கீறிய ஆழமான கோடு. பக்கத்துக் கட்டையில் அதற்கு இணையான கோடு.

பேலீஃபிலும் கூடத்தின் நடுவில் திறந்த அடுப்புதான். கைமரங்கள் கறுத்திருக்கின்றன. இங்கிருந்து சில நிமிட நடையில் பாப்ளர் காட்டேஜ் என்ற சிறிய கூரை வீடு. வாஷிங்டன் என்னும் சசெக்ஸ் கிராமத்தில், ஊர்ப் பொதுநிலத்தின் ஓரத்தில், 17-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது இது. இதற்குள் கூடம் கூரை வரை திறந்திருக்கவில்லை. வீட்டின் ஒரு முனையில் ஒரு குறுகிய பகுதியை மட்டும் தடுத்துப் புகைக்கென விட்டுவிட்டார்கள். அடுப்பு அதன் அடியில். மீதி இடத்தின் மேல் பலகை பாவி மேல்மாடி கிடைத்துவிட்டது. திறந்த கூடத்துக்கும் செங்கல் புகைபோக்கிக்கும் நடுவில் உள்ள படி இது. செங்கல்லுக்குக் காசில்லாதவர்கள் வரிச்சுச் சுவரைக் கொண்டே புகையை அடைத்து, தலைக்கு மேல் ஓர் அறையைச் சம்பாதித்துக்கொண்டார்கள்.

என் மனத்தில் இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த கட்டடம் இந்தப் பாப்ளர் காட்டேஜ்தான். வாழ்த்து அட்டைகளில் அச்சிடும் ரோஜாக்கொடி படர்ந்த வீடு இதன் கொள்ளுப்பேத்தி. அந்தப் படத்தில் இல்லாத செய்தி இங்கே இருக்கிறது: கூரை சுவருக்கு மேல் தாழ இறங்கியிருப்பதால் உள்ளே வெளிச்சம் குறைவு, மேல்மாடியில் நடுவில் நின்றால்தான் தலை இடிக்காது, கண்ணாடியில்லாத சாளரத்தில் குளிர்காற்று நேராக வரும். நிலமில்லாதவர்கள், அல்லது கையளவு நிலமுள்ளவர்கள், பொதுநிலத்தின் ஓரத்தில் தங்களுக்கென ஒரு கூரையை இப்படித்தான் உண்டாக்கினார்கள்.

ஆல்ஃப்ரிஸ்டனுக்குப் போகிறவர்கள் இங்கேயும் கட்டாயம் வர வேண்டும். முதலில் அங்கே, பிறகு இங்கே என்ற வரிசை நல்லது. அந்த வீட்டின் உயர்ந்த கூடத்தைப் பார்த்த கண்ணோடு பாப்ளர் காட்டேஜின் தாழ்ந்த உத்திரத்தின் கீழ் குனிந்து நுழைந்தால், மூன்று நூற்றாண்டுகளில் புகை எங்கே நகர்ந்தது, அதனால் மனிதர்கள் எங்கே படுத்து உறங்கினார்கள் என்பது தானே விளங்கும். சிசெஸ்டருக்குத் திரும்பும் பேருந்துகள் குறைவு. நேரத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.